இறக்குமதித் துணியைத் தடுக்க எதைக் கேட்பது: கோட்டாவா, வரியா, குறைந்தபட்ச விலையா?

திருப்பூர், ஈரோடு, பள்ளிபாளையம் பக்கத்து வாசகர்களிடமிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "சங்கத்தில் தீர்மானம் போடப் போகிறோம். வெளிநாட்டுத் துணி இவ்வளவு டன்னுக்கு மேல் வரக்கூடாது என்று கோட்டா கேட்கலாமா? வரியை ஏற்றச் சொல்வது நல்லதா?" முடிவு எடுக்க முடியாதவர்கள் எல்லாவற்றையும் ஒரே மனுவில் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். அந்த மனு டெல்லியில் எந்த மேசையிலும் தங்குவதில்லை. இறக்குமதி உரிமமும் குறைந்தபட்ச விலையும் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககத்தின் கையில் இருக்கின்றன. சுங்க வரி நிதியமைச்சகத்தின் வேலை. பொருள்குவிப்புத் தடுப்பு வரியையும் (தன் நாட்டு விலைக்கும் கீழே இங்கே தள்ளும் சரக்கு மீதான வரி) பாதுகாப்பு நடவடிக்கையையும் (இறக்குமதி திடீரென்று பெருகும்போது வைக்கும் தற்காலிகத் தடுப்பு) விசாரிக்க வர்த்தகத் தீர்வுகள் இயக்ககம் தனியாக இருக்கிறது. தரச் சான்று என்றால் இந்தியத் தர நிர்ணய அமைவனம். எதைக் கேட்கிறோம் என்று முடிவு செய்த பிறகுதான் யாரிடம் கேட்பது என்பதே தெரியவரும்.

என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். நெசவும் நிட்டிங்கும் செய்கிற சிறு யூனிட்டுகளுக்குக் கோட்டா பெரும்பாலும் தவறான கோரிக்கை. துணியின் மீது கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்ற வரி அவர்களுக்கு நிஜமாக உதவும். பஞ்சுக்கும் நூலுக்கும் எந்தத் தடுப்பும் கேட்கவே கூடாது. ஏன் என்பதைக் கீழே பார்க்கலாம்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி: தடுப்பினால் உள்நாட்டில் விலை ஏறும்போது அந்த ஏற்றம் யார் கைக்குப் போகிறது? அரசுக்கா, இறக்குமதியாளருக்கா, வெளிநாட்டு ஆலைக்கா, நமக்கா? கூட்டங்களில் இந்தக் கேள்வி எழுவதே இல்லை. நான் இதைத்தான் முதலில் கேட்பேன்.

இரண்டாவது, சரக்கு வேறு வழியில் நுழைய முடியுமா? வேறு நாடு, வேறு சுங்கக் குறியீடு (சரக்கின் வகையைக் காட்டும் எண்), துணிக்குப் பதில் தைத்த ஆடை என்று வழிகள் பல. மூன்றாவது, அந்தச் சரக்கையே மூலப்பொருளாக வாங்கும் நம் ஆட்களுக்கு என்ன செலவாகும்? நான்காவது, உலக வணிக அமைப்பின் விதிகளுக்கு முன் அது எத்தனை காலம் நிற்கும்? எவ்வளவு சீக்கிரம் அமலுக்கு வரும் என்பது ஐந்தாவது.

## கோட்டா: அளவுக்கு உச்சவரம்பு

கோட்டாவின் கவர்ச்சி அதன் உறுதியில் இருக்கிறது. வரி போட்டால் வெளிநாட்டு ஆலை விலையைக் குறைத்து வரியை விழுங்கிக்கொள்ளலாம். 5,000 டன் என்று எல்லை வைத்தால் 5,001-வது டன் எந்த விலைக்கும் வராது. தறி நிற்கும் பயத்தில் இருப்பவருக்கு இதைவிட ஆறுதலான வாக்குறுதி இல்லை. ஆனால் அந்த 5,000 டன்னை யார் கொண்டு வருவது?

ஒரு கணக்குப் போடுவோம். வெளிநாட்டுத் துணி எல்லாச் செலவும் சேர்த்துக் கிலோ 200 ரூபாய்க்கு இறங்குகிறது, கோட்டாவால் உள்நாட்டு விலை 280-க்கு ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 டன் உரிமம் கையில் உள்ளவருக்கு ஒரு லட்சம் கிலோவுக்குக் கிலோ 80 ரூபாய், மொத்தம் 80 லட்சம். அவர் தறி வாங்கவில்லை, ஆள் வைக்கவில்லை. ஒரு காகிதம் கையில் இருப்பதற்குக் கிடைத்த பணம் இது. இதே 80 ரூபாயை வரியாக வசூலித்திருந்தால் அரசுக்குப் போயிருக்கும், தொழில் மேம்பாட்டுக்குக் கொஞ்சம் திருப்பிக் கேட்கவாவது நமக்கு வாய் இருந்திருக்கும்.

இது திருப்பூருக்குத் தெரியாத விஷயமல்ல, மறுபக்கத்திலிருந்து பார்த்த ஊர்தான். 1974 முதல் 1994 வரை பல்லிழை ஒப்பந்தத்தின் கீழ் அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு ஆடை வகைக்கும் அளவு வைத்திருந்தன. 1995 முதல் பத்தாண்டுகளில் அதைப் படிப்படியாகக் கழற்றினார்கள். 2005 ஜனவரி 1-ஆம் தேதி மீதமிருந்ததும் போனது. அந்தக் காலத்தில் ஆடைக்கான கோட்டாவை இங்கே ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகம் வழியாகப் பிரித்துக் கொடுத்தார்கள், பெரும்பங்கு பழைய ஏற்றுமதி அளவை வைத்து. ஏற்கெனவே பெரியவர் மேலும் பெரியவர் ஆனார். புதிதாக வந்தவர் பிரீமியம் கொடுத்து அடுத்தவரிடம் கோட்டா வாங்கிச் சரக்கு அனுப்பினார். கோட்டாவைக் கைமாற்றிவிட்டே சம்பாதித்தவர்களும் இருந்தார்கள். இறக்குமதிக்குக் கோட்டா வைத்தாலும் இதேதான் நடக்கும். பழைய இறக்குமதி அளவை வைத்துப் பிரித்தால் இத்தனை நாள் வெளிநாட்டுத் துணியைக் கொண்டுவந்து குவித்தவருக்கே பரிசு போகும்.

இரண்டாவது சிக்கல் சரக்கு வழி மாறுவது. 1970-களின் பிற்பகுதியில் தென் கொரியாவின் கோட்டா நிரம்பிக்கொண்டிருந்தது. அங்கிருந்த தேவூ நிறுவனம் கோட்டா இல்லாத நாட்டைத் தேடி 1979-இல் பங்களாதேஷின் தேஷ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்தது, சுமார் 130 பேரைக் கொரியாவுக்கு அழைத்துத் தையல் பயிற்சி கொடுத்தது. இன்று நம் பனியன் சந்தைக்குப் போட்டியாக நிற்கும் பங்களாதேஷ் ஆடைத் தொழில் அங்கிருந்துதான் வேர் பிடித்தது. தென்னாப்பிரிக்கா 2007, 2008 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்குச் சீன ஆடைகளுக்குக் கோட்டா வைத்தபோதும் சீனச் சரக்கு குறைந்தது, அந்த இடத்துக்கு மற்ற ஆசிய நாடுகளின் சரக்கு வந்தது. அங்கே ஆடைத் தொழிலில் வேலை குறைவது நிற்கவில்லை.

திடீர்க் கோட்டாவால் சொந்த நாட்டு வியாபாரி எப்படி மாட்டிக்கொள்கிறார் என்பதை 2005 கோடையில் ஐரோப்பா காட்டியது. பழைய கோட்டா போனதும் சீன ஆடை வெள்ளமாக வர, ஜூன் மாதம் ஷாங்காயில் ஐரோப்பிய ஒன்றியத்தின் வர்த்தக ஆணையர் பீட்டர் மண்டெல்சன் சீனாவோடு பத்து வகைகளுக்குப் புது வரம்பு பேசி முடித்தார். ஐரோப்பியக் கடைக்காரர்கள் அதற்கு முன்பே ஆர்டர் கொடுத்துப் பணமும் கட்டியிருந்தார்கள். சில வாரங்களில் ஸ்வெட்டர் கோட்டா நிரம்பியது, பின்னாலேயே பேன்ட், உள்ளாடை, டி-சர்ட். ஆகஸ்டில் சுமார் 8 கோடி உருப்படிகள் துறைமுகங்களில் நின்றன. செப்டம்பரில் மறுபடி பேசி, ஒரு பாதியை அடுத்த ஆண்டுக் கணக்கில் வைத்து விடுவித்தார்கள். அந்த இடைவெளியில் குளிர்காலச் சரக்குக்குக் காத்திருந்த கடைக்காரருக்கு ஆன நஷ்டத்தை யாரும் ஈடுகட்டவில்லை.

சட்டப் பக்கமும் இறுக்கமானது. இறக்குமதிக்கு அளவு வைப்பதை உலக வணிக விதிகள் பொதுவாகத் தடை செய்கின்றன. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி இந்தியா நெடுங்காலம் அளவுக் கட்டுப்பாடு வைத்திருந்தது. அமெரிக்கா தொடுத்த வழக்கில் 1999-இல் தோற்றோம். கடைசி 715 பொருட்களின் கட்டுப்பாடு 2001 ஏப்ரல் 1 அன்று நீங்கியது. இன்று திறந்திருக்கும் கதவு பாதுகாப்பு நடவடிக்கை மட்டுமே. இறக்குமதி திடீரென்று பெருகியதால் தொழிலுக்குக் கடும் பாதிப்பு என்று விசாரணையில் நிரூபிக்க வேண்டும். கோட்டாவின் அளவு பொதுவாக முந்தைய மூன்று ஆண்டுச் சராசரிக்குக் கீழே போகக்கூடாது. முதல் கட்டம் நான்கு ஆண்டுகளுக்கு மேல் நீளாது. "சீனாவுக்கு மட்டும்" என்று தனித்து வைப்பதும் சாதாரணமாக முடியாது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் 2005-இல் அப்படிச் செய்ய முடிந்ததற்குக் காரணம் சீனா உலக வணிக அமைப்பில் சேரும்போது ஒப்புக்கொண்ட தனி நிபந்தனை. அது 2008-ஓடு முடிந்துவிட்டது. மூன்று ஆண்டுச் சராசரி என்ற விதியைச் சங்கத்தில் எல்லோரும் ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். மூன்று ஆண்டுகளாக இறக்குமதி குவிந்திருந்தால் நாம் கேட்டு வாங்கும் கோட்டாவே அந்தக் குவியலுக்குச் சம்மதம் தருவதாக முடியும்.

கோட்டா பொருந்தும் இடம்: ஓராண்டுக்குள் இறக்குமதி பல மடங்கு எகிறி, மூன்று ஆண்டுச் சராசரி இன்னும் தாழ்வாகவே இருக்கும்போது. அப்போதும் உரிமத்தை ஏலத்தில் விட வேண்டும் என்று மனுவிலேயே எழுத வேண்டும். அப்படி எழுதாவிட்டால் உரிமக் காகிதத்தால் வரும் பணம் தனியாருக்குப் போய்விடும்.

## சுங்க வரி: சதவீதமா, கிலோவுக்கு ரூபாயா

2018 ஆகஸ்டில் அரசு 328 ஜவுளிப் பொருட்களின் வரியை 10 சதவீதத்திலிருந்து 20-க்கு ஏற்றியது. எதிர்பார்த்த நிம்மதி முழுதாக வரவில்லை. பங்களாதேஷ் ஆடைக்கு 2011 முதல் நம்மிடம் வரியே கிடையாது. அதற்கு முன் ஆண்டுக்கு 80 லட்சம் உருப்படி, பிறகு ஒரு கோடி உருப்படி வரை வரியில்லை என்று ஒரு வரம்பு இருந்தது. மன்மோகன் சிங் 2011 செப்டம்பரில் டாக்கா போனபோது 46 ஜவுளிப் பொருட்களுக்கு அதை நீக்கினார். பூஜ்யத்தில் இருப்பவருக்கு வரியை இரட்டிப்பாக்கினாலும் பூஜ்யமே. சீனத் துணி அங்கே போய்த் தைத்த ஆடையாக நம்மிடம் வருகிறது என்பது தொழில் அமைப்புகளின் நெடுநாள் புகார்.

சதவீத வரிக்கு இன்னொரு ஓட்டை பில்லைக் குறைத்துக் காட்டுவது. கிலோ 300 ரூபாய்த் துணியை 100 ரூபாய் என்று பில் போட்டால் 60 ரூபாய் வரி 20 ரூபாயாகிவிடும். 2025 பட்ஜெட் இந்த இடத்தில்தான் கை வைத்தது. பின்னலாடைத் துணியில் ஒன்பது வகைகளுக்கு "20 சதவீதம் அல்லது கிலோவுக்கு 115 ரூபாய், எது அதிகமோ அது" என்று மாற்றினார்கள். கிலோ 575 ரூபாயில் இரண்டும் சமம். அதற்குக் கீழே எந்த விலைக்குப் பில் போட்டாலும் 115 கட்டியாக வேண்டும். மலிவுத் துணி மீது பளு அதிகம், உயர்தரத் துணி மீது 20 சதவீதமே. ஈரோட்டிலும் திருப்பூரிலும் ஓடும் சிறு யூனிட்டுகள் மோதுவது மலிவுத் துணியோடுதான் என்பதால் குறி சரியாக இருக்கிறது.

மறைந்த செலவு என்ன? அந்தத் துணியை வாங்கித் தைக்கும் உள்நாட்டு ஆடைக்காரருக்கு விலை ஏறும். ஏற்றுமதியாளருக்கு முன் அனுமதித் திட்டத்தில் வரியில்லாமல் மூலப்பொருள் கொண்டுவர வழியுண்டு. உள்ளூர்ச் சந்தைக்குத் தைப்பவருக்கு அது கிடையாது. துணி உற்பத்தியாளர் சங்கமும் ஆடை உற்பத்தியாளர் சங்கமும் எதிரெதிராக மனு கொடுப்பதற்குக் காரணமே இதுதான். மனுவுக்கு முன் இரண்டு தரப்பும் உட்கார்ந்து, உள்ளூரில் கிடைக்காத வகைகளைப் பட்டியலிலிருந்து விலக்கிவிட்டால் எதிர்ப்பில் பாதி போய்விடும்.

பொருந்தும் இடம்: வரிச்சலுகை ஒப்பந்தம் இல்லாத நாட்டிலிருந்து வரும் மலிவுத் துணி. ஒப்பந்த நாட்டுச் சரக்கு என்றால் வரியைவிட உற்பத்தி நாட்டுச் சான்றைச் சரிபார்ப்பதைக் கேளுங்கள். 2020 செப்டம்பர் முதல் அதற்குத் தனி சுங்க விதிகளே இருக்கின்றன, புதுச் சட்டம் எதுவும் வேண்டாம்.

## குறைந்தபட்ச இறக்குமதி விலை

2024 மார்ச்சில் செயற்கை இழைப் பின்னல் துணிகள் சிலவற்றுக்குக் கிலோ 3.5 டாலருக்குக் கீழே இறக்குமதி கூடாது என்று அறிவித்தார்கள். அப்போதைய மதிப்பில் சுமார் 290 ரூபாய். அறிவிப்பு வந்தவுடன் அமலாகிவிடுவதால் வேகத்தில் இதை மிஞ்சும் வழி குறைவு. விசாரணையும் பட்ஜெட்டும் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் முதல் அளவுகோலில் இது விழுந்துவிடுகிறது. நிஜ விலை 2 டாலர் என்றால் 3.5-க்குப் பில் போட்டு அனுப்பச் சொல்வார்கள். மிச்சம் 1.5 டாலர் நம் நாட்டிலிருந்து வெளியே போகிறது. ஒன்று வெளிநாட்டு ஆலை வைத்துக்கொள்ளும், இல்லையென்றால் கணக்கில் வராத வழியில் இறக்குமதியாளரிடமே திரும்பி வரும். அரசுக்குக் கிடைப்பது உயர்ந்த பில் மீதான வரி மட்டும். சரக்கு பக்கத்துக் குறியீட்டுக்குத் தாவுவதும் எளிது. முதலில் வைத்த ஐந்து குறியீடுகள் போதாமல் பட்டியலைப் பிறகு நீட்ட வேண்டியிருந்ததைக் கவனியுங்கள்.

பொருந்தும் இடம்: பில் குறைப்பு அப்பட்டமாக நடக்கும்போது, கிலோ வரி வரும் வரைக்குமான சில மாதங்களுக்கு.

## தரக் கட்டுப்பாட்டு உத்தரவு

கேட்பதற்கு நியாயமானது. தரமற்ற சரக்கு வரக்கூடாது என்று சொன்னால் யார் மறுப்பார்? வெளிநாட்டு ஆலை நம் தர நிர்ணய அமைவனத்திடம் சான்று வாங்க வேண்டும், அதற்கு அதிகாரிகள் அங்கே போய் ஆலையைப் பார்க்க வேண்டும். சான்று தாமதமானால் சரக்கு அடியோடு நின்றுவிடும். நடைமுறையில் இது அளவு சொல்லாத கோட்டா.

இதன் வலியைச் சுமந்தவர்கள் ஈரோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிக்காரர்கள். 2023 மார்ச் முதல் விஸ்கோஸ் பஞ்சுக்கு (ரயான் நூல் நூற்கும் இழை) இந்த உத்தரவு வந்தது. நாட்டில் அதைத் தயாரிப்பது கிட்டத்தட்ட ஒரே பெரிய நிறுவனம். வெளியிலிருந்து வரும் வழி சுருங்கியபோது நூற்பாலைக்கு விலை பேச இடமில்லை. ஏறிய நூல் விலை ரயான் துணியின் அடக்கவிலையில் சேர்ந்தது. துணிக்கோ வெளிநாட்டுப் போட்டி அப்படியே இருந்தது. மேலே பஞ்சுக்குக் காவல், கீழே துணி திறந்த வெளியில். பாலியெஸ்டர் இழை, நூலுக்கும் இதே கதை. 2025 நவம்பரில் இந்த உத்தரவுகளை அரசே திரும்பப் பெற்றது. பருத்திக்கு 2021-இல் வைத்த 11 சதவீத வரியையும் 2025 ஆகஸ்டில் தற்காலிகமாக நிறுத்த வேண்டி வந்தது. பஞ்சிலும் நூலிலும் கை வைத்தால் அடி கடைசியில் தறிக்காரருக்கும் தையல்காரருக்கும்தான் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி தேவையில்லை. இந்த விஷயத்தில் எனக்குக் கோபமே உண்டு, ஏனென்றால் பஞ்சுக்குப் பாதுகாப்பு கேட்ட மனுக்களிலும் "லட்சக்கணக்கான சிறு நெசவாளர் நலன்" என்ற வரி இருந்தது.

பொருந்தும் இடம்: தீப்பிடிக்காத துணி, மருத்துவத் துணி போல உயிருக்குப் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட முடிந்த பொருட்கள்.

## பொருள்குவிப்புத் தடுப்பு வரியும் துறைமுகக் கட்டுப்பாடும்

தன் நாட்டில் விற்பதைவிடக் குறைந்த விலைக்கு இங்கே தள்ளுகிறார்கள் என்று காட்டினால் அந்த நாட்டுக்கு மட்டும் தனி வரி வைக்கலாம். ஐந்து ஆண்டு நிற்கும், நீட்டிக்கவும் முடியும். நேர்மையான வழி. ஆனால் உள்நாட்டு உற்பத்தியில் பெரும்பங்கு வைத்திருப்பவர்கள் தங்கள் அடக்கவிலைக் கணக்கைத் திறந்து காட்ட வேண்டும். நாலைந்து பெரிய ஆலைகள் உள்ள பஞ்சுத் தொழிலுக்கு அது கைவந்த கலை. ஆயிரக்கணக்கில் சிதறிக் கிடக்கும் தறிக்காரர்களுக்குக் கணக்கரையும் வழக்கறிஞரையும் வைத்து ஓராண்டு நடத்துவது கடினம். வழி சிறியவருக்கு மூடியே கிடக்கிறது என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

துறைமுகக் கட்டுப்பாடு வேறு ரகம். 2025 மே 17 முதல் பங்களாதேஷ் ஆடைகள் தரை வழியாக வரக்கூடாது, நவசேவா, கொல்கத்தா துறைமுகங்கள் வழியாக மட்டுமே வரலாம் என்றார்கள். ஒரே நாளில் பயண நாளும் சரக்குக் கட்டணமும் ஏறின. அதற்கு முந்தைய மாதம் பங்களாதேஷ் நம் நூல் தரை வழியாக வருவதை நிறுத்தியிருந்தது. நம் பருத்தி நூலை அதிகம் வாங்கும் நாடு அதுதான். ஆடைக்காரருக்குக் கிடைக்கும் நிம்மதிக்கு நூற்பாலை விலை கொடுக்கும் ஏற்பாடு இது. உறவு சீரானால் ஓர் அறிவிப்பில் மறைந்தும்விடும். இதை நம்பி யாரும் புது மெஷின் வாங்கக் கூடாது.

## ஒரே பார்வையில்

| வழி | விலை ஏற்றம் யாருக்கு | வேகம் | முக்கிய ஓட்டை | ஆயுள் |
|---|---|---|---|---|
| கோட்டா | உரிமம் வைத்திருப்பவருக்கு (ஏலம் விட்டால் அரசுக்கு) | விசாரணை வேண்டும் | உரிமம் பெரியவர் கைக்குப் போவது | முதல் கட்டம் 4 ஆண்டு வரை |
| சதவீத வரி | அரசுக்கு | பட்ஜெட் அல்லது அறிவிப்பு | பில் குறைப்பு, ஒப்பந்த நாடுகள் | உலக வணிக வரம்புக்குள் நிலையானது |
| கிலோ வரி | அரசுக்கு | அதே | ஒப்பந்த நாடுகள் | அதே |
| குறைந்தபட்ச விலை | பெரும்பாலும் வெளிநாட்டு ஆலைக்கு | உடனடி | குறியீடு மாற்றம் | சில மாதங்கள், நீட்டிப்புகள் |
| தர உத்தரவு | உள்நாட்டுப் பெரிய ஆலைக்கு | மெதுவாக | துணியாக, ஆடையாக வருவது | அரசு விரும்பும் வரை |
| பொருள்குவிப்பு வரி | அரசுக்கு | ஓராண்டு அளவு | மூன்றாம் நாடு வழி | 5 ஆண்டு |

## யார் எதைக் கேட்கலாம்

மலிவுச் செயற்கைத் துணியோடு மோதும் நிட்டிங் யூனிட்டும் விசைத்தறியும் கிலோ வரியைக் கேளுங்கள். இப்போதைய ஒன்பது வகைகளில் உங்கள் துணி இல்லையென்றால் அதன் குறியீட்டைச் சேர்க்கச் சொல்லுங்கள். பங்களாதேஷ் டி-சர்ட்டால் அடிபடும் உள்ளூர் பனியன் கம்பெனிக்குக் கிலோ வரியால் பலனில்லை, உற்பத்தி நாட்டுச் சான்றுச் சோதனைதான் வழி. ஏற்றுமதி மட்டும் செய்பவர் எந்தத் தடுப்பையும் கேட்க வேண்டாம். மற்றவர் கேட்கும் தடுப்பில் முன் அனுமதித் திட்டத்துக்கு விலக்கு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளட்டும். நூற்பாலைகள் பஞ்சைத் தடையில்லாமல் கேட்டால் தறிக்காரர்கள் தாராளமாகக் கூடக் கையெழுத்துப் போடலாம்.

மனுவோடு சேர்க்க வேண்டியவை அதிகமில்லை. உங்கள் துணியின் எட்டு இலக்கச் சுங்கக் குறியீடு வேண்டும். "சீனத் துணி" என்று எழுதினால் எந்த அதிகாரியாலும் எதுவும் செய்ய முடியாது. அந்தக் குறியீட்டில் கடந்த மூன்று ஆண்டு இறக்குமதி அளவையும் மதிப்பையும் சேருங்கள், வர்த்தக அமைச்சகத்தின் இணையத் தரவு வங்கியில் இலவசமாகக் கிடைக்கும். மதிப்பை அளவால் வகுத்தால் கிலோ விலை வந்துவிடும். அது நூல் விலைக்கும் கீழே இருந்தால் பில் குறைப்பைச் சந்தேகிக்க அந்த ஒரு வரியே போதும். தறி நின்றதற்குச் சான்றாக உறுப்பினர்களின் மின்கட்டண ரசீதுகளை மாதவாரியாக வையுங்கள், மின்சார யூனிட் குறைந்தது அதில் தெரியும். ஒரு மனுவில் ஒரு நடவடிக்கையை மட்டும் கேளுங்கள். எந்தத் தேதி வரை அது வேண்டும் என்பதையும் எழுதுங்கள்.